புகைபோக்கிக்குச் சாயம் பூசியவர்

போலந்தின் தெற்கே கட்டோவிட்சே என்றொரு நகரம். ஒரு காலத்தில் நிலக்கரிச் சுரங்கமும் எஃகு ஆலையும்தான் அதன் பிழைப்பு. அங்கே ஆலைப் புகைபோக்கி ஒன்றுக்குச் சாயம் பூச வேண்டுமென்றால், கீழிருந்து உச்சிவரை சாரம் கட்டியாக வேண்டும். நாளும் பிடிக்கும், செலவும் ஆகும். அந்த ஊர் மலையேற்றச் சங்கத்துப் பையன்களைக் கூப்பிட்டால் அந்தத் தொல்லை இல்லை. உச்சியில் கயிற்றைக் கட்டிக்கொண்டு தொங்கியபடியே பூசி முடித்துவிடுவார்கள். சாரத்துக்கு ஆகும் செலவு ஆலைக்கு மிச்சம். பையன்களுக்கும் நல்ல கூலி. அந்தக் கூலிதான் இமயமலைக்குப் போக அவர்கள் சேர்த்த பணம்.

யெஜி குகுச்கா அப்படிப் புகைபோக்கிகளில் தொங்கியவர்களில் ஒருவர். 1948-இல் பிறந்தார். உலகத்தில் 8,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த சிகரங்கள் 14. எல்லாவற்றிலும் ஏறிய முதல் மனிதர் இத்தாலியின் ரைன்ஹோல்ட் மெஸ்னர், இரண்டாமவர் குகுச்கா. வரலாற்றுப் புத்தகங்களில் பெரும்பாலும் இந்த ஒரு வரியோடு அவர் கதை முடிந்துவிடுகிறது. அந்த ‘இரண்டாமவர்’ என்ற அடைமொழியின் மேல் எனக்கு வெகுநாளாகவே ஒரு மனத்தாங்கல்.

மெஸ்னர் 1970-இல் தொடங்கி 1986-இல் முடித்தார். பதினாறு ஆண்டு. குகுச்கா 1979 அக்டோபரில் லோட்சேயில் தொடங்கி 1987 செப்டம்பரில் ஷிஷாபங்மாவில் முடித்தார். எட்டு ஆண்டுகூட நிறையவில்லை. லோட்சே ஒன்றில்தான் எல்லோரும் போகும் வழியில் போனார். மற்ற பதின்மூன்றிலும் ஒன்று புதுப் பாதை, இல்லையென்றால் குளிர்காலம். ஆக்சிஜன் சிலிண்டரைத் தொட்டது 1980-இல் எவரெஸ்டில் மட்டும். அதுவும் புதிய பாதைதான். அந்த வேகத்தை 2013 வரை யாரும் முறியடிக்கவில்லை.

குளிர்காலம் என்று எழுதிவிட்டுச் சும்மா தாண்டிப் போக முடியாது. எட்டாயிரம் மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். சாப்பாடு செரிக்காது, தூக்கம் வராது, உடம்பு தன்னையே தின்னத் தொடங்கிவிடும். வசந்தத்தில் இதுதான் நிலைமை. குளிர்காலத்தில் வானத்தின் மேலடுக்கில் ஓடும் பெருங்காற்று அந்தச் சிகரங்களின் மேலேயே இறங்கி உட்கார்ந்துகொள்கிறது. ஆள் நிற்க முடியாது, கூடாரமும் நிற்காது. இதில் ஏற முடியும் என்று முதலில் நிரூபித்தது போலந்துக்காரர்கள்தான். 1980 பிப்ரவரியில் எவரெஸ்ட். 1988-க்குள் ஏழு எட்டாயிரச் சிகரங்களில் குளிர்காலத்து முதல் ஏற்றம் அவர்களுடையது. அந்தச் சிகரங்களில் பெரும்பாலானவற்றின் முதல் ஏற்றங்களை மற்ற நாட்டு ஆட்கள் 1950-களிலேயே முடித்துவிட்டிருந்தார்கள். அப்போது இரும்புத்திரைக்குள் அடைபட்டுக் கிடந்தவர்கள் பின்னால் வந்து, மிஞ்சியிருந்த குளிரை எடுத்துக்கொண்டார்கள்.

1985 ஜனவரி 21 அன்று தௌலகிரி உச்சியில் நின்றார் குகுச்கா. இறங்குகிற வழியில் கால்விரல்கள் பனியில் உறைந்து கெட்டன. வேறு யாராக இருந்தாலும் மருத்துவமனைக்குப் போயிருப்பார்கள். இவர் போனது சோ ஓயுவுக்கு. அங்கே இன்னொரு போலந்துக் குழு முகாமிட்டிருந்தது. பிப்ரவரி 15 அன்று அந்தச் சிகரத்தையும் தொட்டார். ஒரே குளிர்காலத்தில் இரண்டு எட்டாயிரம். இதைப் படிக்கும்போது வியப்போடு கொஞ்சம் எரிச்சலும் வருகிறது. வீட்டில் மனைவியும் பிள்ளையும் இருந்தார்கள்.

பார்த்தால் வீரர் என்று சொல்ல முடியாத உடம்பு. பயணம் தொடங்கும்போது தொந்தியோடுதான் வருவார். உயரத்துக்குப் பழக மற்றவர்களைவிட அதிக நாள் எடுத்துக்கொள்வார். பழகிவிட்டால் பிறகு நிறுத்த ஆளில்லை.

பணத்துக்கு வருவோம். போலந்தின் நாணயமான ஸ்லோட்டிக்கு அப்போது நாட்டைத் தாண்டினால் மதிப்பில்லை. கடவுச்சீட்டு அரசாங்கத்தின் அலமாரியில் இருக்கும். கேட்டு வாங்கி, திரும்பியதும் ஒப்படைக்க வேண்டும். ஆகவே பயணக்குழு என்பது பாதி வணிகக் குழு. ஊரில் கிடைப்பதில் வெளியே விலைபோகக் கூடியதை மூட்டை கட்டி, போகும் நாட்டில் விற்று, அந்தப் பணத்தில் அனுமதிக் கட்டணமும் சுமைகூலியும் கொடுத்து, திரும்பும்போது ஊரில் விலைபோகும் பொருளை வாங்கிப் போவார்கள். தூங்கும் பையிலிருந்து மேலங்கிவரை பலதும் வீட்டிலேயே தைத்தவை. கட்டணம் கொடுக்க வழியில்லாதபோது குறுக்கு வழியும் இருந்தது. 1982-இல் பெண்கள் குழுவொன்று கே2-வுக்குப் போனது. அதோடு ஒட்டிக்கொண்டு போன குகுச்காவும் அவருடைய ஏற்றத் துணைவர் வோய்டெக் குர்டிகாவும், உயரத்துக்கு உடம்பைப் பழக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, பக்கத்திலிருந்த பிராட் பீக் உச்சிக்கே அனுமதியில்லாமல் போய்விட்டு வந்தார்கள். ஏறியதை வெளியே சொல்லவும் முடியாது!

அதற்கு முந்தின ஆண்டு நடந்தது வேறு கூத்து. 1981 அக்டோபரில் மகாலுவின் மேற்கு முகத்தில் மூவராக முயன்று முடியாமல் திரும்பினார்கள். மற்ற இருவரும் போதுமென்று விட்டுவிட, குகுச்கா தனியாளாக வேறொரு பாதையில் கிளம்பி உச்சியைத் தொட்டார். சாட்சி யாரும் இல்லை. சந்தேகம் கிளம்பியது. ‘உச்சியில் என் மகனுடைய பொம்மைப் பொறிவண்டை வைத்துவிட்டு வந்தேன்’ என்பதுதான் அவர் சொன்ன ஆதாரம். மறு ஆண்டு ஏறிய கொரியக்காரர் அந்தப் பொம்மையை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

இதுவரை சொன்னதெல்லாம் ரசிக்கத்தக்க கதை. ஏழ்மை, சாமர்த்தியம், பிடிவாதம் என்று மேடையில் சொன்னால் கைதட்டு விழும். ஆனால் கூடவே போனவர்களின் பட்டியலும் இருக்கிறது. எவரெஸ்டிலும் தௌலகிரியிலும் அவரோடு உச்சியில் நின்ற ஆன்ட்ஜெய் சோக், 1986 ஜனவரியில் கஞ்சன்ஜங்கா பயணத்தில் நுரையீரலில் நீர் கோத்து இறந்தார். குகுச்காவும் குழுத் தோழர் வியெலிட்ஸ்கியும் உச்சியை அடைந்தார்கள். அந்த மலையில் அதுதான் குளிர்காலத்து முதல் ஏற்றம். ஆறு மாதம் கழித்து கே2-வின் தெற்கு முகத்தில், ததேயுஷ் பியோத்ரோவ்ஸ்கியோடு ஒரு புதுப் பாதை. உச்சிக்குச் சற்றுக் கீழே சமையல் வாயுக் குப்பி கைநழுவிப் போய்விட, மெழுகுவத்திச் சுடரில் பனியை உருக்கிக் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு மேலே போனார்கள். உணவும் கூடாரமும் இல்லாமல் இறங்கும்போது பியோத்ரோவ்ஸ்கியின் காலணியில் மாட்டியிருந்த இரும்பு முட்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்றன, அவர் விழுந்தார். அந்தப் பாதையில் அதற்குப் பிறகு யாரும் ஏறி முடித்ததில்லை. இன்றைக்கும் அது போலந்துப் பாதை என்றே வழங்குகிறது.

குர்டிகா 1984-க்குப் பிறகு குகுச்காவோடு ஏறுவதை நிறுத்திக்கொண்டார். சண்டை என்று பெரிதாக ஒன்றுமில்லை. குர்டிகாவுக்கு மலையேற்றம் ஒரு கலை. பிடிக்கவில்லையென்றால் உச்சிக்குச் சற்றுக் கீழேயும் திரும்பிவிடுவார். குகுச்காவுக்குத் திரும்புவது என்பது பழகாத காரியம். இருவரில் யார் சரி என்று கேட்டால், நான் குர்டிகா பக்கம். அவர் ஆபத்தை முகர்ந்து பார்க்கத் தெரிந்தவர். ஆனால் படிக்க உட்கார்ந்தால் கை குகுச்காவின் கதையைத்தான் தேடுகிறது. அதற்கு நியாயம் கற்பிக்க என்னால் முடியவில்லை.

1986 அக்டோபர் 16 அன்று மெஸ்னர் பதினான்காவது சிகரத்தை முடித்தபோது குகுச்காவின் கணக்கு பதினொன்று. போட்டி முடிந்துவிட்டது. ஆனாலும் நவம்பரில் மனாஸ்லு, 1987 பிப்ரவரியில் கடுங்குளிரில் அன்னபூர்ணா, செப்டம்பரில் ஷிஷாபங்மா. மெஸ்னரே அவருக்குத் தந்தி அனுப்பி, நீங்கள் இரண்டாமவர் இல்லை என்று பாராட்டினார். 1988-இல் கால்கரி ஒலிம்பிக்கின்போது இருவருக்கும் கௌரவ விருது வந்தது. மலையேற்றம் போட்டி அல்ல என்று மெஸ்னர் மறுத்தார், குகுச்கா வாங்கிக்கொண்டார். புகைபோக்கியில் தொங்கிச் சம்பாதித்தவர் விருதை மறுக்க வேண்டுமென்று எதிர்பார்ப்பது அதிகப்படி.

பதினான்கும் முடிந்தபின் ஓய்ந்திருக்கலாம். ஆனால் லோட்சே கணக்கு பாக்கி இருந்தது. சாதாரண வழியில் ஏறிய ஒரே சிகரம் அது. அதன் தெற்கு முகம் மூன்று கிலோமீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக நிற்கிறது. 1985-இலேயே அங்கே முயன்று, தோழர் ஒருவரைப் பறிகொடுத்துத் திரும்பியிருந்தார்.

1989 இலையுதிர்காலத்தில் மறுபடி போனார். அந்தக் கோடையில்தான் போலந்தில் தேர்தல் நடந்து, செப்டம்பரில் கம்யூனிஸ்ட் அல்லாத பிரதமரின் அரசு பதவியேற்றிருந்தது. கடவுச்சீட்டைக் கேட்டு வாங்க வேண்டிய, புகைபோக்கியில் தொங்கிப் பணம் சேர்க்க வேண்டிய காலம் முடிந்துகொண்டிருந்தது. குகுச்கா உலகப் புகழ் பெற்றவர்; நல்ல கயிறு கிடைக்காத ஆள் இல்லை. ஆனாலும் அக்டோபர் 24 அன்று சுமார் 8,200 மீட்டரில் முன்னால் ஏறிக்கொண்டிருந்த அவருடைய இடுப்பில் இருந்தது, காத்மாண்டுக் கடையில் வாங்கிய, ஏற்கெனவே யாரோ பயன்படுத்திய மெல்லிய கயிறு. சறுக்கினார். கயிறு அறுந்தது. கூட இருந்த ரிஷார்த் பாவ்லோவ்ஸ்கி தனியாளாய், கயிறில்லாமல் கீழிறங்கி வந்துசேர்ந்தார்.

மறு ஆண்டு, 1990 அக்டோபரில், பெரிய சோவியத் குழுவொன்று வழிநெடுகக் கயிறு கட்டிக்கொண்டு அந்தத் தெற்கு முகத்தில் ஏறி முடித்தது.