பால் அட்டையும் பாங்காக் பேச்சும்



திருவரங்குளம் பக்கம் விடியற்காலையில் போயிருக்கிறீர்களா? பால் சங்கத்து வாசலில் பெண்கள் தூக்குவாளியோடு நிற்பார்கள். கொஞ்சம் பாலை எடுத்துச் சத்து பார்த்து, அட்டையில் எழுதிக் கொடுப்பார்கள். பிள்ளையின் ஸ்கூல் நோட்டு, மளிகை பாக்கி, குழுக் கடன் தவணை எல்லாமே அந்த அட்டையை நம்பித்தான்.

அந்த அட்டைக்கும் பாங்காக்குக்கும் என்ன சம்பந்தம்?

2019 நவம்பர் 4 அன்று அங்கேதான், 'ஆர்செப்' வர்த்தக ஒப்பந்தத்தில் சேரமாட்டோம் என்று இந்தியா விலகியது. ஆசியான் நாடுகள் பத்து, சீனா, ஜப்பான், தென் கொரியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என 15 நாடுகள் மறு ஆண்டு கையெழுத்திட்டன. 2022 ஜனவரி முதல் அது நடப்பில் இருக்கிறது.

நியூசிலாந்தின் ஜனத்தொகை அரைக் கோடிதான். கறக்கும் பாலில் பெரும்பகுதியைப் பவுடராக, வெண்ணெயாக வெளிநாட்டுக்கு விற்றே ஆக வேண்டும். நாம் பால் பவுடருக்கு 60 சதவீத இறக்குமதி வரி வைத்திருக்கிறோம். ஒப்பந்தத்தில் சேர்ந்து அந்த வரி போனால்? இங்கே மிஞ்சுகிற பாலையும் பவுடராக்கித்தான் வைக்கிறார்கள். வெளிநாட்டுப் பவுடர் மலிவாக இறங்கினால் நம் பவுடர் தேங்கும், கொள்முதல் விலை சரியும். புண்ணாக்கு விலை மட்டும் இறங்கவே இறங்காது.

"வாங்கிக் குடிக்கிறவர்களுக்கு லாபம்தானே?" நியாயமான கேள்வி. சமையல் எண்ணெயை நினைத்துப் பாருங்கள். 1994-ல் பாமாயில் இறக்குமதிக்குக் கதவைத் திறந்தோம். ரேஷனில் வாங்கும் பாமாயில் ஏழை வீடுகளுக்குப் பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் இன்று நாடு செலவழிக்கும் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. 2022 ஏப்ரலில் இந்தோனேசியா ஏற்றுமதியை நிறுத்தியதும் நம் வடைச்சட்டி வரை சுட்டது. மலிவு எண்ணெயால் கடலை போடுவதை விட்ட மானாவாரி நிலம் அவசரத்துக்கு எண்ணெய் தந்துவிடுமா? விற்றுவிட்ட மாடுதான் திரும்பத் தொழுவத்துக்கு வருமா?

ஒப்பந்தமே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவோடு 2022-ல் போட்ட ஒப்பந்தத்தில் திருப்பூர் பனியனுக்கு வரி இல்லாமல் வழி கிடைத்தது, பாலை வெளியே வைத்தோம். அப்படிப் பேச முடிகிறதே! அடுத்த ஒப்பந்தச் செய்தி வரும்போது, பால் உள்ளேயா வெளியேயா என்று முதலில் பாருங்கள்.

உங்கள் ஊர்ச் சங்கத்தில் லிட்டருக்கு என்ன தருகிறார்கள், ஒரு மாட்டுக்குத் தீவனச் செலவு எவ்வளவு? எழுதுங்கள், அடுத்த இதழில் போடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்