பால் கொடுக்கப் போனவர்கள்

சற்று நீண்ட பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

ஐரோப்பா வரைபடத்தில் இத்தாலிக்குக் கிழக்கே, ஆஸ்திரியாவுக்குத் தெற்கே, விரல் நுனியால் மறைத்துவிடக்கூடிய ஒரு சிறிய நாடு ஸ்லோவேனியா. மக்கள்தொகை சுமார் 21 லட்சம்தான். ஆனால் அந்த மக்கள் பிழைப்புத் தேடிப் போகாத திசை இல்லை. அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் நகரத்து ஆலைகளுக்கு வேலைக்குப் போனவர்கள் 1924-லேயே தங்களுக்கென்று பெரிய தேசிய மண்டபம் கட்டிவிட்டார்கள். காப்பீட்டுச் சங்கம், செய்தித்தாள், பாட்டுக்குழு எல்லாம் இருந்தன. வெளிநாடு போன ஸ்லோவேனியர் வரலாறு என்றால் இந்தக் கதைதான் முதலில் வருகிறது.

இதில்தான் எனக்கு ஒரு வருத்தம். அதே காலத்தில், நாட்டின் மேற்கு ஓரத்தில் இருக்கும் விபாவா பள்ளத்தாக்கிலிருந்தும் கொரீசியாவைச் சுற்றிய ஊர்களிலிருந்தும் ஆயிரக்கணக்கான பெண்கள் எகிப்துக்குப் போனார்கள். திரியெஸ்தே துறைமுகத்தில் கப்பல் ஏறி அலெக்சாண்டிரியாவில் இறங்கினார்கள். அதனாலேயே அவர்களுக்கு ஊரில் 'அலெக்சாந்த்ரிங்கே' என்று பெயர். கெய்ரோவுக்குப் போனவளுக்கும் அதே பெயர்தான். இவர்கள் மண்டபம் எதுவும் கட்டவில்லை. சம்பாதித்ததெல்லாம் ஊரில் கடனை அடைக்கப் போய்விட்டது.

1869-ல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு அலெக்சாண்டிரியாவில் பணம் புரண்டது. பருத்தி வியாபாரிகள், வங்கிக்காரர்கள் என்று கிரேக்கர், இத்தாலியர், யூதர், சிரியர் எல்லாரும் அங்கே குடியேறினார்கள். அந்தப் பணக்கார வீடுகளுக்குச் சமையல்காரி வேண்டும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆயா வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகக் கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க ஒருத்தி வேண்டும். பால் கொடுப்பவளுக்குத்தான் கூலி அதிகம். ஆனால் பால் கொடுக்க வேண்டுமென்றால் அவள் சமீபத்தில் பிள்ளை பெற்றிருக்க வேண்டும் அல்லவா? அந்தப் பிள்ளையை என்ன செய்வது? பாட்டியிடமோ, சித்தியிடமோ, பக்கத்து வீட்டுக்காரியிடமோ விட்டுவிட்டுத்தான் கப்பல் ஏற வேண்டும். தன் குழந்தைக்கு மாட்டுப்பால், அயலான் குழந்தைக்குத் தாய்ப்பால். இதை எழுதும்போதே மனசு கனக்கிறது.

'ஏன் போனாள்?' என்று கேட்பவர்கள் அந்த மண்ணுக்கு என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். முதல் உலகப்போரில் 1915 முதல் 1917 வரை சோச்சா ஆற்றங்கரையில் இத்தாலியும் ஆஸ்திரியாவும் பன்னிரண்டு முறை மோதின. வீடும் திராட்சைத் தோட்டமும் தரைமட்டமாயின. போர் முடிந்ததும் அந்தப் பகுதி இத்தாலிக்குப் போயிற்று. பிறகு முசோலினி ஆட்சி. 1923-ல் வந்த கல்விச் சட்டம் ஸ்லோவேனிய மொழியைப் பள்ளிகளிலிருந்து படிப்படியாக அகற்றியது. ஸ்லோவேனிய ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள், ஊர்ப்பெயர், குடும்பப்பெயர்கூட இத்தாலிய மயமாயின. (மொழிக்காக ஒரு ஆசிரியரின் வேலையைப் பறிப்பதை என்னால் வெறும் செய்தியாகப் படிக்க முடிவதில்லை.) இடிந்த வீட்டைக் கட்டக் கடன், கடனுக்கு வட்டி, கட்டாவிட்டால் நிலம் ஏலம். ஆணுக்கு அங்கே வேலை இல்லை. பெண்ணுக்கு எகிப்தில் வேலை இருந்தது. அவள் போனாள். அவ்வளவுதான் கணக்கு.

அந்தப் பணத்தில் வீடு எழும்பியது, நிலம் மீண்டது. ஆனால் ஊர் என்ன பேசியது? பாதிரியார்களும் பத்திரிகைகளும் ஒழுக்கம் கெட்டுவிடும் என்று புலம்பினார்கள். அவள் அனுப்பிய பணத்தில் ஒழுக்கக்கேடு ஒட்டிக்கொண்டிருந்ததாக மட்டும் யாரும் சொல்லவில்லை! கடன்காரன் மறுக்காமல் வாங்கிக்கொண்டான்.

பல வருடம் கழித்துத் திரும்பியவளைச் சொந்தப் பிள்ளைக்கு அடையாளம் தெரியவில்லை. பாட்டியைத்தான் அம்மா என்றது. நம் பக்கத்திலும் அம்மா வளைகுடா நாட்டில் வீட்டுவேலையில் இருக்க, பாட்டி கையெழுத்துப் போட்ட மதிப்பெண் அட்டையோடு வந்த பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். அந்தப் பிள்ளைகளின் வலி பொய் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த வலிக்கான பழியை அம்மா ஒருத்தியின் தலையில் மட்டும் போடுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

அங்கே வளர்ந்த பிள்ளைகள் அவர்களை மறக்கவில்லை என்பது இன்னொரு பக்கம். ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த எகிப்தியர் பூட்ரோஸ் பூட்ரோஸ் காலியைச் சிறுவயதில் வளர்த்தவர் ஒரு ஸ்லோவேனிய ஆயா. 1992 மே மாதம் ஸ்லோவேனியா ஐ.நா.வில் உறுப்பினரானபோது அந்த நாற்காலியில் இருந்தவர் அவரேதான்.

1950-களில் எகிப்திலிருந்து அந்நியப் பணக்காரர்கள் வெளியேற, இந்த வேலையும் முடிந்தது. சிலர் ஊர் திரும்பவே இல்லை, அங்கேயே அடக்கமானார்கள். ஊரிலோ நீண்ட மௌனம். டோரிட்சா மாகுத்ஸ் என்ற பத்திரிகையாளர் இவர்களைப் பற்றி எழுதிய நூல் 1993-ல்தான் வந்தது. இன்று பெர்வாச்சினா கிராமத்தில் ஒரு சிறு அருங்காட்சியகம் இருக்கிறது.

மகிழ்ச்சிதான். ஆனால் இப்போது காற்று எதிர்ப்பக்கம் அடிக்கிறது. நேற்றுவரை 'பிள்ளையை விட்டுப்போனவள்', இன்று 'தியாகத் தாய்'. எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. தியாகி என்று மாலை போட்டுவிட்டால் கூலியைப் பற்றியும் கடனைப் பற்றியும் பேச வேண்டியதில்லை, அவளைப் போகவைத்தவர்களைப் பற்றியும் பேச வேண்டியதில்லை. கிளீவ்லாண்டுக்குப் போன ஆணை நாம் தியாகத் தந்தை என்றா எழுதுகிறோம்? தொழிலாளி என்று எழுதுகிறோம். அவனும் பிள்ளையை விட்டுவிட்டுத்தானே போனான்? இவளையும் அதே சொல்லால், அதே பக்கத்தில், அதே பாடப்புத்தகத்தில் எழுதட்டும்.

மேத்தோத் பெவெத்ஸ் இயக்கிய 'அலெக்சாந்த்ரிங்கே' என்ற ஆவணப்படம் 2011-ல் வந்தது. கிடைத்தால் பாருங்கள். அம்மா விட்டுப்போன பிள்ளைகள் கிழவர்களாகி உட்கார்ந்து பேசுகிறார்கள்.