ஸ்கோப் மேல் பழி

காணையில் ஏர் ரைஃபிள் வைத்திருக்கும் பையன்கள் எல்லாருக்கும் ஒரே புலம்பல்: "ஸ்கோப் டூப்ளிகேட், சார்." கேட்டாலே எரிச்சல் வருகிறது. ஒரு பெல்லட் இடப்பக்கம் போனால் உடனே நாபைத் திருகுகிறார்கள். அடுத்தது வலப்பக்கம் போனால் திருப்பித் திருகுகிறார்கள். கால் எம்.ஓ.ஏ. கிளிக் ஒன்று 10 மீட்டரில் முக்கால் மில்லிமீட்டர்கூட நகர்த்தாது. முதலில் ஐந்து சுடுங்களப்பா! ஐந்தும் ஓரிடத்தில் கூடினால்தான் நாபுக்கு வேலை. சிதறினால் மவுண்டைப் பாருங்கள், அப்புறம் உங்கள் பிடியை. ஸ்பிரிங் ரைஃபிள் முன்னும் பின்னும் உதைக்கும். ஸ்குரூ தளர்ந்தால் ஸ்கோப் நகரத்தான் செய்யும்.

பக்கத்துக் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடும் 10 மீட்டர் போட்டியில் ஸ்கோப்புக்கே அனுமதி கிடையாது. அங்கே பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீட்டர் பொட்டு.

போன வாரம் ஒருவன் கடைக்காரரோடு சண்டைக்குக் கிளம்பினான். வாங்கிப் பார்த்தேன். பின் மவுண்ட் ஸ்குரூ விரலாலேயே சுழன்றது.