புழுதியின் எடை

2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. சென்னையின் வறட்சி என்றால் நம் நினைவில் நிற்பது இவ்வளவுதான்.

திருவள்ளூர், காஞ்சிபுரம் வயல்களின் கணக்கு வேறு. 2015 இறுதியில் வெள்ளம். 2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைவு. மேல்மண் ஒரு மழையில் நனைந்துவிடும். வேர் இறங்கும் ஆழத்து ஈரம் அப்படி மீளாது; கொட்டித் தீர்க்கும் மழையில் பெரும்பகுதி மண் குடிக்குமுன் ஓடிவிடுகிறது. போதாததற்கு, பாசனக் கிணற்று நீரும் லாரியேறி நகரத்துக்குப் போனது. விற்ற உழவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. கருகப்போகும் பயிருக்கு இறைப்பதைவிட அது மேல் என்று அவர் எண்ணியிருக்கலாம்.

ஒரு பலப் புழுதி கால் பலமாக உலரும்படி உழுதால் எரு வேண்டாம் என்கிறார் வள்ளுவர். வகுப்பில் இதை எருவைப் பற்றிய குறளாகவே நடத்திவிடுகிறோம். மண்ணை எடைபோட்டு, உலர்த்தி, மறுபடி எடைபோடுவதுதான் இன்றும் ஈரப்பதம் அளக்கும் அடிப்படை முறை. ஆனால் அவர் சொன்னது உழவன் விரும்பி உலர்த்திய மண்; பின்னால் நீர் பாயும் என்ற நம்பிக்கை அதில் இருந்தது.

ஏரிகளின் நீர்மட்டத்தை நாளிதழ்கள் வெளியிடுகின்றன. பக்கத்து வயலின் ஈரத்துக்கும் அங்கே ஒரு வரி ஒதுக்கலாம்.