அடிச்சு வளர்க்கணுமா, செல்லம் கொடுக்கணுமா? சின்னக் குழந்தைகளின் பிடிவாதத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

“நாங்க எல்லாம் அடி வாங்கித்தான் வளர்ந்தோம். கெட்டா போயிட்டோம்?” மூன்று வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் தாத்தாவோ பெரியப்பாவோ ஒருமுறையாவது இப்படிக் கேட்டிருப்பார்கள். “குழந்தைகிட்ட சத்தமா பேசவே கூடாதாம், ரீல்ஸ்ல சொன்னாங்க” என்று இளம் பெற்றோரிடமிருந்து பதில் வரும். இன்ஸ்டாகிராமும் யூடியூபும் ‘ஜென்டில் பேரன்டிங்’ என்ற சொல்லை வீட்டுக்குள் கொண்டுவந்த பிறகு இந்தச் சண்டை அதிகமாகியிருக்கிறது. நடுவில், கடையில் தரையில் புரண்டு அழும் குழந்தையை நான்கு பேர் நான்கு விதமாகச் சமாளிக்கிறார்கள். குழந்தை அழுதுகொண்டேதான் இருக்கிறது.

கண்டிப்பா, செல்லமா என்பதுதான் பிரச்னை என்று இரண்டு தரப்பும் நினைக்கிறது. சின்னக் குழந்தைகளின் நடத்தை குறித்து 60 ஆண்டுகளாக நடந்துவரும் ஆய்வுகளைப் படித்தால் கவனம் வேறு பக்கம் திரும்புகிறது. பெரியவர்கள் எவ்வளவு கடுமையாகப் பேசுகிறார்கள் என்பதைவிட, சொன்னதைச் செய்கிறார்களா என்பதைக் குழந்தை கூர்ந்து பார்க்கிறது.

நான்கு வகை பெற்றோர்: எங்கிருந்து வந்த கணக்கு?

பெற்றோரை வகை பிரிக்கும் பழக்கத்தைப் பிரபலமாக்கியவர் அமெரிக்க உளவியலாளர் டயானா பாம்ரின்ட். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 1960களில் அவர் ஆய்வு நடத்தினார். பெற்றோரிடம் போய் “நீங்க கண்டிப்பானவரா?” என்று கேட்டு அவர் தொடங்கவில்லை. முதலில் நர்சரி பள்ளிக் குழந்தைகள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று கவனித்து, அவர்களைக் குழுக்களாகப் பிரித்தார். அதன் பிறகுதான் அந்தந்தக் குழந்தைகளின் வீட்டில் என்ன நடக்கிறது என்று பார்த்தார்.

தன்னம்பிக்கையோடு, புதிய விஷயங்களைத் துணிந்து தொட்டுப்பார்த்த குழந்தைகளின் வீடுகளில் கண்டிப்பும் இருந்தது, அன்பும் இருந்தது. விதி உண்டு, அதற்கான காரணமும் சொல்லப்பட்டது. ஒதுங்கியே இருந்த, யாரையும் எளிதில் நம்பாத குழந்தைகளின் வீடுகளில் “சொன்னா கேளு, ஏன்னு கேக்காதே” என்ற அதிகாரம் மட்டும் இருந்தது. எல்லாவற்றுக்கும் விட்டுக்கொடுத்துப் போன வீடுகளின் குழந்தைகள் சுதந்திரமாகவும் தைரியமாகவும் இருப்பார்கள் என்று எதிர்பார்க்கத் தோன்றும். ஆனால், பாம்ரின்டின் ஆய்வில் தன்னம்பிக்கையிலும் சுயக்கட்டுப்பாட்டிலும் மிகவும் பின்தங்கியிருந்தது அவர்கள்தான். எல்லையே இல்லாத இடத்தில் சின்னக் குழந்தைக்குப் பயம்தான் வருகிறது போலும். கண்டிப்பும் இல்லாத, அன்பும் இல்லாத, குழந்தையைக் கண்டுகொள்ளாத நான்காவது வகையை எலினோர் மக்கோபியும் ஜான் மார்ட்டினும் 1983இல் சேர்த்தார்கள்.

ரீல்ஸில் ஓடும் ‘ஜென்டில் பேரன்டிங்’ இங்கேதான் குழப்பத்தை உண்டாக்குகிறது. குழந்தையின் கோபத்தைப் புரிந்துகொண்டு அமைதியாகப் பேசுவது, பாம்ரின்ட் சொன்ன அன்போடு கூடிய கண்டிப்புக்கு நெருக்கமானதுதான். ஆனால் பல வீடுகளில் அது “குழந்தைகிட்ட ‘நோ’ சொல்லவே கூடாது” என்று மாறிவிடுகிறது. அப்படி மாறினால் பெயர்தான் புதியது. உள்ளே இருப்பது பழைய செல்லம்தான்.

பெரியவர் சொல்லை நம்பலாமா?

ஒரு மார்ஷ்மெல்லோ மிட்டாயைக் குழந்தையின் முன்னால் வைத்து, “நான் வர்ற வரைக்கும் சாப்பிடாம இருந்தா இன்னொண்ணு தருவேன்” என்று சொல்லிவிட்டுப் போகும் சோதனையைப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். ஸ்டான்ஃபோர்டில் வால்டர் மிஷெல் தொடங்கிய இந்தச் சோதனை, குழந்தையின் சுயக்கட்டுப்பாட்டை அளக்கும் கருவியாகப் பேசப்பட்டது. பொறுமை இல்லாத குழந்தை மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொள்ளும் என்பதுதான் பொதுவான புரிதல்.

ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் தலைமையிலான குழு, 2013இல் வெளியான ஆய்வில் இந்தச் சோதனைக்கு முன்னால் ஒரு சின்ன ஏற்பாட்டைச் சேர்த்தது. மூன்று முதல் ஐந்து வயது வரையிலான 28 குழந்தைகளிடம், “கொஞ்சம் காத்திரு, இதைவிட நல்ல கிரேயான் கொண்டுவர்றேன்” என்று சொல்லப்பட்டது. பாதிக் குழந்தைகளுக்குச் சொன்னபடி புது கிரேயான் வந்தது. மீதிப் பேரிடம், “மன்னிச்சுக்கோ, இல்லையாம்” என்று கையை விரித்துவிட்டார்கள். ஸ்டிக்கர் விஷயத்திலும் இதே கதை. அதன் பிறகுதான் மிட்டாய் வந்தது.

வாக்கு காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிடங்கள் காத்திருந்தார்கள். ஏமாற்றப்பட்டவர்கள் காத்திருந்தது சுமார் 3 நிமிடங்கள். முதல் குழுவின் 14 பேரில் 9 பேர் முழுதாக 15 நிமிடங்களும் தாக்குப்பிடித்தார்கள். இரண்டாவது குழுவில் ஒரே ஒரு குழந்தை. 28 குழந்தைகளை வைத்து உலகத்துக்கே விதி எழுத முடியாதுதான். ஆனாலும் அந்த இரண்டாவது குழுவின் கணக்கு தப்பில்லை. வராது என்று தெரிந்த மிட்டாய்க்கு யார் காத்திருப்பார்கள்?

நம் வீடுகளில் ஒரு நாளில் சொல்லப்படும் வார்த்தைகளை இந்தக் கண்ணோடு பார்க்கலாம். “சாப்பிட்டா பீச்சுக்குக் கூட்டிட்டுப் போறேன்.” “அழுதா போலீஸ்கிட்ட பிடிச்சுக் குடுத்துடுவேன்.” “டாக்டர் ஊசி போட்டுடுவாங்க.” “பூச்சாண்டி வர்றான் பாரு.” பீச்சும் வரவில்லை, பூச்சாண்டியும் வரவில்லை. இரண்டு வயதில் பயந்த குழந்தை நான்கு வயதில் சிரிக்கிறது. “சும்மாதான் சொல்றாங்க” என்று அதற்குப் புரிந்துவிட்டது. பிறகு, “ரோட்டுல ஓடாதே, வண்டி வருது” என்று நிஜமாகவே சொல்லும்போதும் அதே காதில்தான் விழுகிறது.

அழுதால் கிடைக்கும் என்று யார் கற்றுக்கொடுத்தது?

அமெரிக்காவின் ஓரிகன் மாகாணத்தில் ஆக்ரோஷமான குழந்தைகளின் குடும்பங்களை ஆண்டுக்கணக்கில் கவனித்தவர் ஜெரால்ட் பேட்டர்சன். 1982இல் வெளியான தன் நூலில், வீட்டுக்குள் ஒருவரை ஒருவர் வற்புறுத்தி வழிக்குக் கொண்டுவரும் ஒரு சுழலை அவர் விவரித்தார். பெயர் புதிதாக இருக்கலாம், காட்சி எல்லோருக்கும் தெரிந்தது.

குழந்தை போன் கேட்கிறது. அம்மா இல்லை என்கிறார். குழந்தை சிணுங்குகிறது. அம்மா குரலை உயர்த்துகிறார். குழந்தை கீழே விழுந்து கத்துகிறது. அக்கம்பக்கம் கேட்குமே என்று, “இந்தா, எடுத்துத் தொலை” என்று போனைக் கொடுத்துவிடுகிறார். கத்தினால் போன் கிடைக்கும் என்று குழந்தை கற்றுக்கொண்டது. போனைக் கொடுத்தால் அமைதி கிடைக்கும் என்று அம்மாவும் கற்றுக்கொண்டார். இருவருக்கும் உடனடி லாபம் என்பதால் நாளைக்கும் இதுவே நடக்கும், நேற்றைவிடக் கொஞ்சம் கூடுதல் சத்தத்தோடு. சில நாள் எதிர்ப்பக்கம் ஜெயிக்கும். அம்மா ஓங்கி ஒன்று வைப்பார், குழந்தை அடங்கிவிடும். அப்போது பலத்தால் அடக்கலாம் என்ற பாடம் இருவருக்கும் போய்ச் சேருகிறது.

எப்போதும் விட்டுக்கொடுப்பதைவிட, சில நேரம் கொடுத்து சில நேரம் மறுப்பது பிடிவாதத்தை இன்னும் இறுக்கமாக்கும். எப்போதாவது கிடைக்கும் பரிசுக்காகச் செய்யும் காரியத்தை விடுவது கடினம் என்பது, பி.எஃப். ஸ்கின்னர் காலத்திலிருந்தே உளவியல் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. லாட்டரிச் சீட்டுக்குப் பலர் அடிமையானதும் இப்படித்தான். ஒன்பது தடவை மறுத்துவிட்டுப் பத்தாவது தடவை கொடுத்தால், பத்து தடவை அழவேண்டும் என்பதே குழந்தைக்குக் கிடைக்கும் பாடம்.

இதனால்தான், “இனிமே சாப்பாட்டு நேரத்துல போன் கிடையாது” என்று முடிவெடுத்த முதல் சில நாட்களில் அழுகை குறையாது, கூடும். இதுவரை வேலை செய்த வழி வேலை செய்யாதபோது குழந்தை அதையே இன்னும் பலமாக முயன்று பார்க்கிறது. “இந்த முறை நம்ம குழந்தைக்கு ஒத்துவரலை” என்று பலர் கைவிடுவது சரியாக அந்த நாட்களில்தான். போன் விஷயத்தில் அளவு தெளிவாகவே சொல்லப்பட்டிருக்கிறது. இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டு முதல் ஐந்து வயது வரை பெரியவர் உடனிருக்க ஒரு நாளில் அதிகபட்சம் ஒரு மணி நேரம் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் வழிகாட்டுதல். உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னதும் ஏறக்குறைய இதேதான்.

அடி வேலை செய்கிறதா?

அந்த நிமிடத்துக்குக் குழந்தை நின்றுவிடும் என்பதால் அடி வேலை செய்வதுபோலத் தெரிகிறது. எலிசபெத் கெர்ஷாஃப், ஆண்ட்ரூ குரோகன்-கெய்லர் ஆகிய இருவரும் சுமார் 50 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் ஒரு அலசலை வெளியிட்டார்கள். அதில் அடங்கிய குழந்தைகளின் எண்ணிக்கை சுமார் 1,60,000. எலும்பு உடைக்கும் அடி பற்றிய ஆய்வு இல்லை இது, ‘சும்மா ஒரு தட்டு’ என்று நாம் சொல்லும் அடி பற்றியது. அவர்கள் பார்த்த 17 அம்சங்களில் 13இல் அடி பாதகமான விளைவோடு சேர்ந்தே வந்தது. ஆக்ரோஷம், சமூகத்துக்கு ஒவ்வாத நடத்தை, மனநலச் சிக்கல் எல்லாம் அதில் அடக்கம். சொன்ன பேச்சைக் கேட்கும் பழக்கத்தை அடி வளர்க்கிறது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

‘அடங்காத குழந்தைதானே அதிகம் அடி வாங்கும், அப்போது எது காரணம், எது விளைவு?’ என்ற எதிர்க்கேள்வி நியாயமானது. ஆய்வாளர்களுக்குள்ளேயே அந்த விவாதம் இருக்கிறது. ஆனால் “நாங்க கெட்டா போயிட்டோம்?” என்ற தாத்தாவின் வாதம் அந்த அளவுக்கு நிற்காது. ஹெல்மெட் போடாமல் 30 வருஷம் பைக் ஓட்டியவர் உயிரோடு இருப்பதால் ஹெல்மெட் தேவையில்லை என்று ஆகிவிடாது.

சட்டம் என்ன சொல்கிறது? பள்ளியில் குழந்தையை அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்கிறது. வீட்டுக்குள் அப்படி நேரடியான தடை இந்தியாவில் இல்லை. 12 வயதுக்குட்பட்ட குழந்தையின் நன்மைக்காகப் பாதுகாவலர் நல்லெண்ணத்தோடு செய்யும் செயலுக்குப் பாதுகாப்பு தரும் பழைய விதி, பாரதிய நியாய சன்ஹிதாவிலும் 27ஆவது பிரிவாகத் தொடர்கிறது. அதற்காக எதையும் செய்யலாம் என்று இல்லை. தன் பொறுப்பில் உள்ள குழந்தையைக் கொடுமைப்படுத்தினால், 2015ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 75ஆவது பிரிவு பாயும். வீட்டில் அடிப்பதையும் சேர்த்துத் தடை செய்த முதல் நாடு ஸ்வீடன், 1979இல். இன்று 60க்கும் மேற்பட்ட நாடுகளில் அந்தத் தடை இருக்கிறது. தெற்காசியாவில் முதலில் செய்தது நேபாளம், 2018இல்.

ஒரே வீடு, நான்கு சட்டம்

பாம்ரின்டின் கட்டம் ஒரு அமெரிக்கப் பல்கலைக்கழக நகரத்தில் பிறந்தது. எல்லா ஊர் வீடுகளுக்கும் அது அப்படியே பொருந்துமா என்ற கேள்வி பின்னர் வந்தது. அமெரிக்காவில் குடியேறிய சீனத் தாய்மார்களை ஆராய்ந்த ரூத் சாவ், அங்கே அதிகாரம்போலத் தெரியும் கண்டிப்புக்குள் அக்கறையும் பயிற்சியும் கலந்திருப்பதை 1994இல் சுட்டிக்காட்டினார். “அடிக்கிற கைதான் அணைக்கும்” என்று சொல்லி வளர்ந்தவர்களுக்கு இது புரியும். ஆனால் அதில் வேலை செய்வது அணைக்கும் பாதிதான். அடிக்கும் பாதிக்கு அந்த வாக்கியம் சான்றிதழ் கிடையாது.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. நான்கு வகையும் ‘பெற்றோர்’ என்ற ஒற்றை மனிதரை வைத்துப் பேசுகின்றன. நம் ஊரில் ஒரு குழந்தையை அம்மா, அப்பா, பாட்டி, தாத்தா, சித்தி என்று பலர் வளர்க்கிறார்கள். அம்மா சாக்லேட் கூடாது என்பார். “அம்மாகிட்ட சொல்லாதே” என்று தாத்தா பாக்கெட்டிலிருந்து எடுத்துத் தருவார். அதில் சாக்லேட்டை விடப் பெரிய விஷயம் அந்த “சொல்லாதே”. இந்த வீட்டில் விதி ஆளுக்கு ஏற்றபடி மாறும் என்று குழந்தைக்கு அங்கே தெரிந்துவிடுகிறது.

இதற்காகத் தாத்தா பாட்டியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது அநியாயம். அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போய்விட, முழங்கால் வலியோடு ஓடும் குழந்தையைப் பகல் முழுக்கத் துரத்துபவர் பாட்டிதான். அந்த அரை மணி நேர போன் அவருக்குக் கிடைக்கும் ஒரே ஓய்வு. ‘திரை வேண்டாம்’ என்று விதி போடுபவர், அந்த அரை மணி நேரத்துக்கு வேறு ஏற்பாட்டையும் சேர்த்துச் சொல்லவேண்டும். வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே மாதிரி மாறுவது நடக்காத காரியம். சாப்பாடு, தூக்கம், போன் என்ற மூன்று விஷயங்களில் மட்டுமாவது ஒரே பதிலைச் சொல்வதற்கு ஒரு ராத்திரி உட்கார்ந்து பேசினால் போதும். இன்னொன்று, பத்துப் பேர் வளர்த்தாலும் “வளர்ப்பு சரியில்லை” என்ற பேச்சு வந்து விழுவது அம்மா தலையில் மட்டும்தான். எந்த ஆய்வும் அப்படிச் சொல்லவில்லை.

எல்லாமே வளர்ப்புதானா?

ஒரே வயிற்றில் பிறந்து, ஒரே வீட்டில் வளரும் இரண்டு குழந்தைகளில் ஒன்று சாது, இன்னொன்று சூறாவளி. நியூயார்க்கில் அலெக்ஸாண்டர் தாமஸும் ஸ்டெல்லா செஸ்ஸும் 1956இல் தொடங்கிய நீண்டகால ஆய்வு, குழந்தைகள் பிறக்கும்போதே வெவ்வேறு சுபாவத்தோடு வருகிறார்கள் என்பதை ஆவணப்படுத்தியது. அவர்கள் பார்த்த குழந்தைகளில் சுமார் 10 சதவீதம் பேர் சமாளிக்கக் கடினமானவர்கள். சுமார் 15 சதவீதம் பேர் புதிய இடத்துக்கும் மனிதருக்கும் மெதுவாகவே பழகுபவர்கள். விருந்தாளி வந்ததும் “ஹாய் சொல்லு, ரைம்ஸ் பாடு” என்று தள்ளினால் இந்தக் குழந்தைகள் இன்னும் சுருங்கிக்கொள்வார்கள். அண்ணனுக்கு வேலை செய்த வழி தங்கைக்கு வேலை செய்யாமல் போவதற்குக் காரணம் இதுதான்.

சில நேரம் பிடிவாதம்போலத் தெரிவது பிடிவாதமே இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பாத குழந்தைக்குக் காது கேட்பதில் குறை இருக்கலாம். பேச வராததால், கேட்கத் தெரியாமல் கடித்தும் அடித்தும் காட்டலாம். ஆட்டிசமாகவும் இருக்கலாம். இவற்றை அடியும் திருத்தாது, செல்லமும் திருத்தாது. 2013இல் தொடங்கப்பட்ட தேசிய சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறை வந்து குழந்தைகளைப் பரிசோதிக்கிறது. சந்தேகம் இருந்தால் அரசு மருத்துவமனைகளில் செயல்படும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். குழு வரும் தேதி அங்கன்வாடி ஊழியருக்குத் தெரியும். அன்றைக்குக் குழந்தையோடு வீட்டில் யாராவது ஒருவர் போய், “கூப்பிட்டா திரும்பலை”, “இன்னும் ரெண்டு வார்த்தை சேர்த்துப் பேசலை” என்று சொல்லலாம். பரிசோதனைக்கும் தொடர் சிகிச்சைக்கும் கட்டணம் இல்லை.