இல்லமும் அறிவியலும்: நிறைந்தே இருக்க விரும்பாத பாட்டரி

“மடிக்கணினியைப் பகலிரவாக மின்னிணைப்பிலேயே வைத்திருக்கலாமா? அல்லது பாட்டரி முற்றும் தீர்ந்த பின்னர்தான் மின்னேற்ற வேண்டுமா?” என்று கல்லூரி மாணவி ஒருவரின் அன்னையார் வினவியுள்ளார். மூன்றாண்டுகளுக்கு முன் கடன்பட்டு வாங்கிய கணினி இன்று அரைமணி நேரமும் தாங்குவதில்லையாம். தேர்வு நெருங்கும் வேளையில் எழும் இக்கவலை நியாயமானதே.

முற்றும் தீர்ந்த பின்னரே மின்னேற்றுக என்பது பழைய நிக்கல்-காட்மியம் பாட்டரிகளின் காலத்து அறிவுரை. பாட்டரி மாறிவிட்டது, அறிவுரை மட்டும் வீடுவீடாக இன்னும் உலவுகிறது. இன்றைய மடிக்கணினிகளில் இருப்பது லித்தியம்-அயனி பாட்டரி. 1991-இல் சோனி நிறுவனம் இதனை முதன்முதலாக விற்பனைக்குக் கொணர்ந்தது. இதன் உருவாக்கத்திற்காக ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவரும் 2019-இல் வேதியியலுக்கான நோபல் பரிசினைப் பெற்றனர். அப்போது குட்இனஃபுக்கு வயது 97!

இப்பாட்டரிக்கு இரு எல்லைகளும் ஆகா. முழுமையாக நிறைந்த நிலையில் ஒவ்வொரு கலத்தின் மின்னழுத்தமும் ஏறத்தாழ 4.2 வோல்ட்டில் நிற்கும். அந்நிலை நீடித்தால் உள்ளிருக்கும் வேதிப்பொருள்கள் மெல்ல மெல்லச் சிதைகின்றன. முற்றும் வற்றிய நிலையில் நெடுநாள் கிடப்பதும் கேடே. ஆதலின் 20 விழுக்காட்டிற்கும் 80 விழுக்காட்டிற்கும் இடையே வைத்துப் பழகுதல் நன்று. நிறைந்ததும் மின்னேற்றம் தானே நின்றுவிடும். ஆகவே “வழிந்து கெடும்” என்று அஞ்ச வேண்டியதில்லை. எந்நேரமும் நிறைந்தே இருப்பதுதான் முதுமையை விரைவுபடுத்துகிறது. பல நிறுவனங்களின் கணினிகளில் 80 விழுக்காட்டளவில் மின்னேற்றத்தை நிறுத்தும் அமைப்பு உண்டு. மேசையிலேயே வைத்துப் பயன்படுத்துவோர் அதனை இயக்கிவிடுதல் நலம். நெடும்பயணத்திற்கு முன்னர் முழுமையாக ஏற்றிக்கொள்வதில் பிழையொன்றுமில்லை.

நம் இல்லங்களில் மின்வெட்டுக்கு உதவும் இன்வெர்ட்டரின் ஈய-அமிலப் பாட்டரியோ இதற்கு நேர்மாறானது. அது நிறைந்தே இருக்க வேண்டும். குறைந்த நிலையில் விட்டுவைத்தால் அதன் தகடுகளில் சல்பேட்டு படிந்து பாழாகும். ஒன்றின் விதியை மற்றொன்றிற்குப் பொருத்துவதால்தான் பெரும்பாலான குழப்பங்கள் விளைகின்றன.

எல்லாவற்றினும் கொடிய பகை வெப்பம். தலையணையின் மீதும் மெத்தையின் மீதும் கணினியை வைத்தால் காற்றுப் புழைகள் அடைபடும். சித்திரை, வைகாசி வெயிலில் மூடிய காரினுள் விட்டுச் செல்வது அதனினும் தீது. விடுமுறையில் ஒரு திங்களுக்குப் பயன்படுத்தாமல் வைக்க நேர்ந்தால், பாதியளவு ஏற்றி, முற்றிலும் அணைத்து, குளிர்ந்த இடத்தில் வைக்கவும்.

அன்னையாருக்கு ஒரு சொல். எத்துணைப் பேணினும் இப்பாட்டரி சில நூறு மின்னேற்றச் சுழற்சிகளில் தளர்வது இயல்பே. இன்று பாதியும் நாளை பாதியும் செலவிட்டால் அது ஒரு சுழற்சியாகக் கணக்கிடப்படும். மூன்றாண்டில் தளர்ந்ததற்கு மகளைக் கடிந்துகொள்ள வேண்டாம். கணினி நன்றாயிருப்பின் பாட்டரியை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் விலை மலிவென்று பெயரறியாத போலிப் பாட்டரியை வாங்காதீர்கள்.

ஒன்றில் மட்டும் அசட்டை கூடாது. விசைப்பலகை மேலெழும்பினாலோ, மூடி சரியாக மூடாவிட்டாலோ, உள்ளே பாட்டரி உப்பியிருக்கக் கூடும். உடனே மின்னிணைப்பை நீக்கி, கணினியை அணைத்துவிடுக. உப்பியதை அழுத்தவோ குத்தவோ முயலாதீர்கள், தீப்பற்றும். பழுது பார்ப்போரிடம் கொடுத்துக் கழற்றச் செய்க. கழற்றிய பாட்டரியைக் குப்பையில் எறியலாகாது. 2022-இல் வெளியான பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அதனைத் திரும்பப் பெறும் பொறுப்பு உற்பத்தியாளருக்கு உண்டு. ஆகவே புதியது வாங்கும் கடையிலேயே பழையதை ஒப்படைக்கக் கேளுங்கள்.