சுன்னாகத்துக் கிணறுகளும் துண்டிக்கப்பட்ட குடாநாடும்

யாழ்ப்பாணக் குடாநாடு வெளியுலகிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்த காலத்தைப் பற்றிப் பேசும்போது, பாதைகளையும் தொலைபேசியையுமே நாம் பெரும்பாலும் நினைவுகூருகிறோம். 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டபின் ரயில் நின்றது, தொலைபேசி மௌனித்தது, தேசிய மின்வலையமைப்பிலிருந்து வந்த மின்சாரமும் அற்றுப்போனது. அதே ஆண்டு ஒக்டோபரில் வட புலத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது அயலவர்க்கிடையிலான உறவே அறுந்தது. 2006 ஆகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட, மக்கள் மீண்டும் கப்பலுக்கும் அனுமதிச் சீட்டுக்குமாகக் காத்திருந்தனர். இவை யாவும் கண்ணுக்குத் தெரிந்த துண்டிப்புகள். ஆனால் மின்சாரத் துண்டிப்பு நிலத்துக்கு அடியிலும் ஒரு வடுவை விட்டுச் சென்றிருக்கிறது.

தேசிய வலையமைப்பு எட்டாத நிலையில், குடாநாட்டுக்கான மின்சாரம் சுன்னாகத்தில் எண்ணெயை எரித்தே பெறப்பட்டது. இலங்கை மின்சார சபையின் பழைய இயந்திரங்கள் போதாதபோது தனியார் நிறுவனங்களும் வந்தன. கிளிநொச்சியையும் சுன்னாகத்தையும் இணைக்கும் உயர் அழுத்த மின்வழி 2013 இல்தான் வந்து சேர்ந்தது. அதற்குள் காரியம் மிஞ்சிவிட்டது எனலாம்.

ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லாத நிலம் இது. மாரி மழை சுண்ணாம்புக் கல்லினூடாக இறங்கி, அடியிலுள்ள உப்பு நீரின்மேல் ஒரு வில்லையைப் போல மிதக்கிறது. அந்த வில்லையிலிருந்தே நாம் இறைக்கிறோம். சுண்ணாம்புக் கல்லில் வெடிப்புகளும் குகைகளும் மலிந்திருப்பதால் நீர் எங்கு நுழைந்து எங்கு வெளிப்படும் என்பதை எளிதிற் கணிக்க இயலாது. நிலாவரைக் கிணற்றின் ஆழமும், கீரிமலையில் கடலோரத்திற் சுரக்கும் நன்னீரும் இந்த மறைவான வழிகளுக்குச் சான்று. மேலே வேலியடைத்து எல்லை பிரித்துக்கொள்ளும் நமக்கு, கீழே பொது நீரே உண்டு. ஒரு வளவிற் கொட்டிய கழிவெண்ணெய் அடுத்த ஊர்க் கிணற்றில் மிதப்பதற்கு அனுமதிச் சீட்டு எதுவும் வேண்டியதில்லை!

சுன்னாகத்தையும் அதன் அயற் கிராமங்களையும் சேர்ந்த கிணறுகளில் எண்ணெய் காணப்பட்ட விவகாரம் 2014 இறுதியில் பெரும் கிளர்ச்சியாக வெடித்தது. 2015 ஜனவரியில் நொதேர்ன் பவர் நிறுவனத்தின் மின்னுற்பத்தி நீதிமன்ற உத்தரவால் நின்றது. எனினும் வட மாகாண சபை அமைத்த நிபுணர் குழுவின் முடிவு ஒருவிதமாகவும், தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பரிசோதனை வேறுவிதமாகவும் அமைந்தன. எதை நம்பித் தண்ணீர் குடிப்பது என்று மக்கள் திகைத்தனர். மாசு பரவியது ஒரு கேடு என்றால், நிறுவனங்கள் தமக்குள் பேசாதிருந்தது அதனினும் பெரிய கேடு என்பதே எமது கருத்து. உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் வழங்கிய தீர்ப்பில் அந்நிறுவனத்தைப் பொறுப்பாளியாகக் கண்டு, 2 கோடி ரூபா செலுத்தப் பணித்தது. தலைமுறைகள் குடித்த நீருக்கு இது எம்மட்டு ஈடு என்பது வேறு விடயம்.

இது தமிழ்க் கிராமங்களின் துயரம் மாத்திரமன்று. யாழ்ப்பாணத்திலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களிற் பலர் தஞ்சம் புகுந்த கற்பிட்டிக் குடாநாட்டிலும் நன்னீர் இவ்வாறே உப்பு நீரின்மேல் மிதக்கிறது. அங்கும் தோட்டங்களின் உரம் கிணறுகளில் நைத்திரேற்றாகக் கலந்துள்ளது. சோனகர் தெருவுக்கு மீண்ட குடும்பங்களும் வலிகாமத்து விவசாயியும் நிலத்தடி நீரையிட்டு ஒரே கேள்வியையே கேட்க வேண்டியவர்கள். அவர்கள் சேர்ந்து கேட்டதாக நாம் அறியோம்.

இரணைமடு நீரைக் குடாநாட்டுக்குக் கொணரும் திட்டம் கிளிநொச்சி விவசாயிகளின் எதிர்ப்பால் தடைப்பட்டது. அவர்களின் அச்சத்தை நாம் குறைகூற மாட்டோம். அதற்கு மாற்றாகத் தாளையடியில் அமைந்த கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. குழாய் நீர் வந்துவிட்டது என்பதற்காகக் கிணறுகளை மறந்துவிட முடியுமா? புகையிலையும் வெங்காயமும் குழாய் நீரில் விளைவதில்லை. ஒவ்வொரு மாரிக்கு முன்னும் பின்னும் கிணற்று நீரைப் பரிசோதித்து, அதன் முடிவைக் கிராம அலுவலர் அலுவலகத்திலும் பள்ளிவாசல், கோயில் வாயில்களிலும் தமிழில் ஒட்டுவதற்குப் பெருந்தொகை நிதி வேண்டியதில்லை. அதைச் செய்யும் பொறுப்பை நீர் வழங்கல் சபையும் மத்திய சுற்றாடல் அதிகார சபையும் வரும் மாரிக்கு முன்னரே ஏற்க வேண்டும்.